கப்பல் இனி எதில் ஓடும்? பையனைக் கடல் பொறியியலுக்கு அனுப்பலாமா?

ஆலைக்காரன் | திங்கள், இரவு 9.12

பந்திங் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறேன். பையன் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்துவிட்டு, மலாக்காவில் இருக்கும் அகாடமி லாவுட்டில் கடல் பொறியியல் படிக்கப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கோயில் கூட்டத்தில் ஒருவர், "இன்னும் இருபது வருஷத்தில் கப்பலில் எஞ்சினே இருக்காது, எல்லாம் பேட்டரி, ஹைட்ரஜன். அந்தப் படிப்பு வீண்" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்தவர், "அதெல்லாம் இல்லை, கப்பல் நம் பாமாயிலில்தான் ஓடப்போகிறது, பழ விலை ஏறும் பாருங்கள்" என்கிறார். வீட்டில் அம்மணி இரண்டு பேரையும் நம்பவில்லை. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

மின்னல் | திங்கள், இரவு 9.30

அண்ணே, பேட்டரிக் கப்பல் வெறும் பேச்சு இல்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. நார்வேயில் 'யாரா பிர்க்கலண்ட்' 2022 முதல் உரம் ஏற்றிப் போகிறது, முழுக்க மின்சாரம். சீனாவில் கோஸ்கோவின் 700 கொள்கலன் கப்பல் யாங்சி ஆற்றில் பேட்டரியில் ஓடுகிறது. கார் மாறியதுபோல் கப்பலும் மாறும். பையனை மின் பொறியியலில் சேர்த்துவிடுங்கள்.

ரெண்டு ஏக்கர் | திங்கள், இரவு 9.41

நான் பாமாயில் கட்சி. டீசலில் 10 விழுக்காடு கலக்கிறோமே, கப்பலுக்கும் கலந்தால் என்ன? சிங்கப்பூரில் 24 விழுக்காடு கலந்து விற்கிறார்களாம்.

பழைய சீஃப் | திங்கள், இரவு 11.05

சீஃப் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு பேருக்கும் கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மின்னல் தம்பி, நீங்கள் சொன்ன இரண்டு கப்பலும் உண்மை. ஆனால் யாரா பிர்க்கலண்ட் 120 கொள்கலன் ஏற்றும் சின்னக் கப்பல், கரையோரமாகக் கொஞ்ச தூரம் போய் வருவது. சீனக் கப்பல் ஆற்றில் போகிறது. நம் போர்ட் கிள்ளானில் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்துக்கு வரும் பெரிய கொள்கலன் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 150 டன் எண்ணெய் எரிக்கிறது என்று வைப்போம். அதில் இருக்கும் வெப்பம் சுமார் 1,670 மெகாவாட் மணி. பெரிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் அதில் பாதியைச் சுழற்சியாக மாற்றிவிடும், அதாவது 830. கரை தொடாமல் பத்து நாள் ஓட 8,300 வேண்டும். இன்றைய கப்பல் பேட்டரியில் ஒரு மெகாவாட் மணிக்கு ஆறேழு டன் எடை வரும். ஆக 55,000 டன் பேட்டரி. அதே பத்து நாளுக்கு எண்ணெய் 1,500 டன் போதும். சரக்கை இறக்கிவிட்டுப் பேட்டரியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லலாம், ஆனால் யார் வாடகை கொடுப்பார்கள்?

கிள்ளான் ஆற்றில் ஓடும் டக் (இழுவைப் படகு), பினாங்கு ஃபெர்ரி மாதிரியானவற்றுக்குப் பேட்டரி சரி. ஆழ்கடலுக்கு இப்போதைக்கு இல்லை.

ஹைட்ரஜன்? எடைக்குச் சக்தி அதிகம்தான். ஆனால் திரவமாக வைக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும். தொட்டி அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் எல்லோரும் ஹைட்ரஜனை வேறு எதிலாவது ஏற்றிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். அங்கே வருகின்றன மெத்தனாலும் அம்மோனியாவும்.

பாமாயில் விஷயம் நாளை எழுதுகிறேன். அது கொஞ்சம் வயிற்றெரிச்சலான கதை.

லோரிக்காரன் | செவ்வாய், காலை 5.50

சீஃப் ஐயா, வெஸ்ட்போர்ட்ஸ் வாசலில் வரிசையில் நிற்கிறேன், படிக்க நேரம் இருக்கிறது. எழுதுங்கள்.

ஜுக்ரா டீச்சர் | செவ்வாய், மதியம் 2.20

படிவம் ஐந்துக்கு வேதியியல் எடுக்கிறேன். மெத்தனாலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சிலாங்கூர்க்காரர்களுக்கு அது தெரியாத பொருள் இல்லை. 2018 செப்டம்பரில் கலப்படச் சாராயம் குடித்துப் பல பேர் இறந்தார்களே, அந்தச் சாராயத்தில் இருந்தது மெத்தனால்தான். உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாகி முதலில் கண்ணைப் பிடிக்கும். தோட்டத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயத்தால் போன உயிர்களை எண்ணிப் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் எரிபொருளாகப் பார்த்தால் அது நல்ல பிள்ளை. சாதாரண வெப்பநிலையில் திரவம், குளிரூட்ட வேண்டாம். கந்தகம் கிடையாது, புகைக்கரி மிகக் குறைவு. கடலில் கொட்டினால் தண்ணீரில் கரைந்து சிதைந்துவிடும், எண்ணெய்போல மிதந்து சதுப்பு நிலத்தைக் கெடுக்காது. இரண்டு குறை: பகலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. அதன் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலை 11, 12 டிகிரிதான், அதாவது நம் ஊர் வெயிலில் எப்போதும் பற்றத் தயாராக இருக்கும்.

மெர்ஸ்க் நிறுவனத்தின் 'லாரா மெர்ஸ்க்' 2023இல் கொரியாவிலிருந்து டென்மார்க் வரை மெத்தனாலில் போனது, வழியில் சிங்கப்பூரில் நிரப்பிக்கொண்டு. நம் நீரிணை வழியாகத்தான் போயிருக்கும்.

மின்னல் | செவ்வாய், மதியம் 2.48

அப்படியென்றால் விஷயம் முடிந்ததே டீச்சர். லாபுவானில் பெட்ரோனாஸுக்குப் பெரிய மெத்தனால் ஆலை இருக்கிறது. நமக்கு யோகம்தான்.

பழைய சீஃப் | செவ்வாய், இரவு 8.15

லாபுவான் மெத்தனால் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது தம்பி. அதைக் கப்பலில் எரித்தால் புகைபோக்கி சுத்தமாக இருக்கும், ஆனால் கரியமில வாயுக் கணக்கு குறையாது. தயாரிப்பையும் சேர்த்துப் பார்த்தால் சாதாரண எண்ணெயைவிடக் கொஞ்சம் கூடவே வரும். பச்சை மெத்தனால் வேண்டுமென்றால் காற்றாலை, சூரிய மின்சாரத்தில் ஹைட்ரஜன் பிரித்து, உயிர்க்கழிவிலிருந்து வரும் கரியமில வாயுவோடு சேர்க்க வேண்டும்.

அப்படி ஓர் ஆலை டென்மார்க்கில் காஸோ என்ற ஊரில் 2025இல் திறந்தார்கள். ஆண்டுக்கு 42,000 டன். பெரிய எண்ணாகத் தெரிகிறதா? மெத்தனாலில் சக்தி எண்ணெயில் பாதிதான். நம் 150 டன் கப்பலுக்கு நாளைக்கு 300 டன் மெத்தனால் வேண்டும். அந்த ஆலை வருஷம் முழுவதும் காய்ச்சுவது ஒரே ஒரு கப்பலுக்கு 140 நாள் வரும். அவ்வளவுதான். மெர்ஸ்க்கே 2024இல் எல்என்ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன்) கப்பல்களுக்கும் ஆர்டர் கொடுத்தது ஏன் என்று இப்போது புரியும். பச்சை மெத்தனால் கிடைக்கவில்லை, கிடைப்பதும் விலை பல மடங்கு.

எல்என்ஜியைப் பற்றி எனக்குக் கசப்பு உண்டு. புகைபோக்கியில் கரியமில வாயு 20, 25 விழுக்காடு குறையும், கந்தகம் இல்லை, எஞ்சின் ரூம் பளிச்சென்று இருக்கும். ஆனால் எரியாமல் நழுவும் மீத்தேன் இருக்கிறதே, இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போல 80 மடங்கு சூடேற்றும். சில வகை ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் நழுவுவது கணிசம். விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பால்வாளி | செவ்வாய், இரவு 9.02

அம்மோனியா என்றீர்களே, அதைப் பற்றி யாரும் எழுதவில்லை. ரப்பர் இருந்த காலத்தில் அம்மா பால் மரம் வெட்டினார். பால் கட்டிவிடாமல் இருக்க வாளியில் அம்மோனியா ஊற்றுவோம். ஸ்டோர் கதவைத் திறந்தாலே கண்ணில் தண்ணீர் கொட்டும். அதையா கப்பலில் ஆயிரக்கணக்கான டன் ஏற்றப்போகிறார்கள்?

ஜுக்ரா டீச்சர் | செவ்வாய், இரவு 9.25

அதையேதான் அக்கா. அம்மோனியாவில் கார்பனே கிடையாது, ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன். எரித்தால் தண்ணீரும் நைட்ரஜனும் வர வேண்டும். மைனஸ் 33 டிகிரியில் திரவமாகிவிடும், ஹைட்ரஜனைவிட ஆயிரம் மடங்கு சுலபம். நீங்கள் வாளியில் ஊற்றியது தண்ணீரில் கரைத்தது. கப்பலில் இருப்பது சுத்தமான திரவம். 300 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 300 பங்கு, காற்றில் கலந்தால் அங்கே நிற்பதே உயிருக்கு ஆபத்து என்று பாதுகாப்பு விதி சொல்கிறது. நல்ல வேளை, அதற்கு வெகு முன்பே மூக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று: சரியாக எரியாவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு வரும். அது கரியமில வாயுவைவிட 270 மடங்கு. கார்பனை ஒழித்துவிட்டு அதைக் கக்கினால் பயன் இல்லை.

பழைய சீஃப் | செவ்வாய், இரவு 10.10

பால்வாளி அம்மாவுக்கு: அம்மோனியாவைச் சரக்காகக் கப்பலில் பல பத்தாண்டுகளாக ஏற்றித்தான் வருகிறோம். செம்பனைக்குப் போடும் உரத்தின் மூலப்பொருள் அதுதானே. சரக்குத் தொட்டியில் மூடி வைப்பது வேறு, எஞ்சின் ரூமுக்குள் குழாய் இழுத்து எரிப்பது வேறு. 2024இல் ஆஸ்திரேலியாவின் ஃபோர்டெஸ்கியூ சிங்கப்பூரில் ஒரு கப்பலில் அம்மோனியாவைச் சோதித்தது. அதே வருஷம் ஜப்பானின் என்ஒய்கே 'சகிகாகே' என்ற டக்கை அம்மோனியாவில் ஓட்டியது. நம் எம்ஐஎஸ்சி கப்பல் குழுமமும் அம்மோனியாவில் ஓடும் எண்ணெய்க் கப்பல்களுக்கு ஏற்பாடு செய்திருக்கிறது.

எனக்கு உள்ள பயம் ஒன்றுதான். கசிந்தால் தப்பித்துப் போக இடமில்லாத இடம் கப்பல். நிர்வாகம் செலவைக் குறைக்கப் பராமரிப்பைத் தள்ளிப்போடும்போது கீழே நிற்பவன் கதி என்ன? நான் வேலை செய்த ஒரு கம்பெனியில் பர்ஜ் வால்வுக்கு மாற்று பாகம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு அடுத்த துறைமுகம், அதற்கடுத்த துறைமுகம் என்று பதில் வந்துகொண்டே இருந்தது. எண்ணெய்க் கப்பலில் அது சமாளிக்கக்கூடிய எரிச்சல். அம்மோனியாக் கப்பலில் அப்படி நடந்தால்?

ரெண்டு ஏக்கர் | புதன், காலை 7.15

சீஃப் ஐயா, நாளை நாளை என்று பாமாயிலை மறந்துவிட்டீர்கள்.

பழைய சீஃப் | புதன், இரவு 8.40

மறக்கவில்லை. எஞ்சினைப் பொறுத்தவரை பாமாயில் டீசல் பெரிய பிரச்சினை இல்லை. கப்பல் எரிபொருளுக்கான ஐஎஸ்ஓ 8217 தரத்தின் 2024 பதிப்பு நூறு விழுக்காடு உயிரி டீசலுக்கே இடம் கொடுக்கிறது. தண்ணீர் இழுக்கும், தொட்டியில் பாசி மாதிரி நுண்ணுயிர் வளரும், குளிரில் உறையும், பழைய ரப்பர் சீல்களைத் தின்னும். பார்த்துக்கொள்ளலாம்.

சிக்கல் கணக்குப் புத்தகத்தில். கப்பல் எரிபொருளின் கரியமில வாயுக் கணக்கைப் பார்க்கும் ஐரோப்பாவின் ஃப்யூவல்-இயூ கடல் விதி 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உணவுப் பயிரிலிருந்து வரும் எண்ணெயை, பாமாயிலோ சோயாவோ எதுவானாலும், படுமோசமான புதைபடிவ எரிபொருளுக்குச் சமமாகவே அது கணக்கிடும். அதாவது ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல் உங்கள் சுத்தப் பாமாயிலை நிரப்பினால் ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்காது. காசு கூடக் கொடுத்து யார் வாங்குவார்கள்?

ரெண்டு ஏக்கர் | புதன், இரவு 8.52

இதுதான் எனக்குக் கோபம். அவர்கள் காட்டை எல்லாம் வெட்டித் தீர்த்துவிட்டு, நாம் நட்ட மரத்தைக் குறை சொல்கிறார்கள். உலக வர்த்தக அமைப்புக்குப் போனோமே?

பழைய சீஃப் | புதன், இரவு 9.20

போனோம். 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஐரோப்பா தன் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி விதியை நடைமுறைப்படுத்திய விதத்தில் குறை கண்டார்கள், நமக்குப் பாதி வெற்றி. ஆனால் இப்படி ஒரு விதி போடவே கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் கோபம் நியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஒரு ஏக்கருக்குப் பாமாயில் தரும் எண்ணெயை வேறெந்தப் பயிரும் தராது. ஆனாலும் அளவைப் பாருங்கள். உலகக் கப்பல்கள் ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல் எண்ணெய் குடிக்கின்றன. உலகத்துப் பாமாயில் மொத்தமும் சுமார் 8 கோடி டன். சமையலை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கப்பலில் ஊற்றினாலும் பாதிக்குக் காணாது.

கழிவு எண்ணெய் வேறு கதை. ஆலைக் கழிவுநீரிலிருந்து வழிக்கும் எண்ணெய், பயன்படுத்திய சமையல் எண்ணெய், இவற்றுக்கு ஐரோப்பாவில் முழு மதிப்பு. நீங்கள் சொன்ன சிங்கப்பூர் 24 விழுக்காட்டுக் கலவையில் போவதும் பெரும்பாலும் பழைய சமையல் எண்ணெய்தான்.

லோரிக்காரன் | புதன், இரவு 9.31

அதனால்தான் பலகாரக் கடைக்காரர் பழைய எண்ணெயைத் தங்கம்போல டின்னில் அடைத்து வைக்கிறார்! 2.50 வெள்ளி மானியப் பாக்கெட் எண்ணெயைவிடப் பழைய எண்ணெய்க்கு விலை கூடக் கிடைக்கிறதே. புது எண்ணெயையே பழசு என்று விற்க எவ்வளவு நேரம் ஆகும்?

பழைய சீஃப் | புதன், இரவு 9.44

சரியாகப் பிடித்தீர்கள். ஐரோப்பாவிலும் அதே சந்தேகம்தான் எழுந்திருக்கிறது. கழிவு என்ற பெயரில் நல்ல எண்ணெய் வருகிறதா என்று. அது நிரூபணமானால் உண்மையாகக் கழிவு விற்கும் ஆலைக்கும் அடி விழும்.

ஆலைக்காரன் | வியாழன், காலை 6.30

இரவு ஷிப்ட் முடிந்து வந்து இதைப் படிக்கிறேன். கழிவுநீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குளத்தில் குமிழி வந்துகொண்டே இருக்கும், அது மீத்தேன். பக்கத்து ஆலையில் குளத்துக்கு மேல் பெரிய தார்ப்பாய் மூடி, வாயுவைப் பிடித்து எஞ்சின் ஓட்டி மின்சாரம் விற்கிறார்கள். எங்கள் முதலாளி இன்னும் மூடவில்லை. பாய்லரில் எரிக்கச் செம்பனை நார், ஓடு போதும், அதனால் அவருக்கு அவசரமில்லை. இந்த வாயு கப்பலுக்கு ஆகுமா?

பழைய சீஃப் | வியாழன், காலை 10.05

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். ஆகும். குளத்தில் வருவதும் எல்என்ஜி கப்பலில் எரிவதும் ஒரே மீத்தேன். கரியமில வாயுவையும் ஹைட்ரஜன் சல்பைடையும் நீக்கிக் குளிர்வித்தால் கப்பல் வித்தியாசம் பார்க்காது. வானத்துக்குப் போயிருக்க வேண்டிய மீத்தேனைப் பிடித்து எரிப்பதால் கணக்கில் இரட்டை லாபம்.

கணக்கையும் போட்டுவிடுகிறேன். வருஷத்துக்கு 3 லட்சம் டன் பழக்குலை அரைக்கும் பெரிய ஆலை என்றால், ஒரு டன்னுக்கு 0.65 கன மீட்டர் கழிவுநீர், ஒரு கன மீட்டர் கழிவுநீருக்குச் சுமார் 28 கன மீட்டர் வாயு, அதில் ஆறு பங்கு மீத்தேன், நான்கு பங்கு கரியமில வாயு. கடைசியில் 2,000 டன்னுக்குக் கொஞ்சம் மேல் மீத்தேன் நிற்கும். நம் 150 டன் கப்பல் அதில் மூன்று வாரம் ஓடும், அதற்கு மேல் இல்லை. நாட்டில் இருக்கும் 450 ஆலையும் குளத்தை மூடினால் இருபது பெரிய கப்பல் ஓட்டலாம்.

இருபது குறைவா? உலகத்துக்குக் குறைவு. போர்ட் கிள்ளானுக்குக் குறைவில்லை.

மின்னல் | வியாழன், மதியம் 1.10

எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடுகிறீர்களே ஐயா. எதுதான் முடியும்? அணுசக்தியா?

பழைய சீஃப் | வியாழன், இரவு 8.30

அணுசக்திச் சரக்குக் கப்பல் 1962லேயே அமெரிக்கா விட்டது, 'சவான்னா'. தொழில்நுட்பம் வேலை செய்தது, செலவு கட்டவில்லை. எந்தத் துறைமுகம் உள்ளே விடும் என்ற கேள்வி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

முடிவது எது என்று கேட்டீர்கள். வேகத்தைக் குறைப்பது. எஞ்சின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால் சக்தி 27 விழுக்காடு குறையும். பயணம் நீள்வதைச் சேர்த்தாலும் ஒரு பயணத்துக்கு 19 விழுக்காடு எண்ணெய் மிச்சம். புது எரிபொருள் வேண்டாம், புது தொட்டி வேண்டாம்.

மோரிப் கடற்கரையில் நின்று பார்த்திருப்பீர்கள், எத்தனை கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. அதில் பல கப்பல்கள் விரட்டிக்கொண்டு வந்துதான் காத்திருக்கின்றன. முட்டாள்தனம் இல்லை, ஒப்பந்தம் அப்படி. 'முழு விரைவோடு போக வேண்டும்' என்று பழைய வாசகம் இருக்கும். சீக்கிரம் வந்தவனுக்கு வரிசையில் முன் இடம், காத்திருந்தால் டெமரேஜ் என்ற தாமதக் காசு. மெதுவாக வருபவனுக்கு ஒன்றும் இல்லை. இந்த ஒரு வாசகத்தை மாற்ற இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

லோரிக்காரன் | வியாழன், இரவு 8.41

லோரியிலும் அதே கதைதான் லா. நேரத்துக்கு வா என்பான், வந்தால் நான்கு மணி நேரம் நிற்க வைப்பான்.

ஜுக்ரா டீச்சர் | வியாழன், இரவு 9.15

காற்றை விட்டுவிட்டீர்களே. ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு வந்தது எந்தக் கப்பல் எண்ணெயில்? 2023இல் 'பிக்ஸிஸ் ஓஷன்' என்ற கப்பலில் 37.5 மீட்டர் உயரத்தில் பாய்மரம்போல இரண்டு விறைப்பான இறக்கை வைத்து விட்டார்கள். சராசரியாக நாளைக்கு மூன்று டன் எண்ணெய் மிச்சம் என்று அறிவித்தார்கள்.

பழைய சீஃப் | வியாழன், இரவு 9.50

டீச்சர் சொல்வது சரி. மலாக்கா நீரிணையில் இறக்கை பெரும்பாலும் சும்மாதான் நிற்கும், காற்று போதாது. இந்தியப் பெருங்கடலில் இறங்கியதும் பருவக்காற்று கைகொடுக்கும். மொத்தச் சரக்குக் கப்பலுக்கு நல்லது. கொள்கலன் கப்பலில் மேல்தளம் முழுக்கப் பெட்டி, கிரேன் வேறு இடிக்கும், இறக்கையை எங்கே நடுவது?

கரை மின்சாரம் பற்றியும் கேட்பீர்கள். துறைமுகத்தில் நிற்கும்போது ஜெனரேட்டரை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், கிள்ளான்காரர்கள் மூச்சு விடுவார்கள். ஆனால் அந்த மின்சாரம் கப்பார் நிலக்கரி நிலையத்திலிருந்து வந்தால் புகை இடம் மாறுகிறது, அவ்வளவே.

ஆலைக்காரன் | வெள்ளி, இரவு 7.20

எல்லோருக்கும் நன்றி. பையனையும் உட்கார வைத்து முழுக்கப் படிக்கச் சொன்னேன். அவன் கேள்வி ஒன்றுதான்: "அப்பா, நான் போய்ச் சேரும்போது எந்த எஞ்சினைப் படிப்பேன்?"

பழைய சீஃப் | வெள்ளி, இரவு 9.00

எல்லாவற்றையும் படிப்பான். இன்று கட்டும் கப்பல் இருபத்தைந்து வருஷம் ஓடும், அதனால் டீசல் எங்கேயும் போகாது. புதுக் கப்பல்களில் நிறைய இரட்டை எரிபொருள் எஞ்சின், எண்ணெயும் எரிக்கும், மெத்தனாலோ எல்என்ஜியோவும் எரிக்கும். வாயு எரிபொருள் கப்பலுக்கு ஐஜிஎஃப் விதிப்படி தனிச் சான்றிதழ் வேண்டும். அதை வைத்திருப்பவனைக் கம்பெனிகள் தேடுகின்றன. ஐநாவின் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ 2023இல், 2050 வாக்கில் கப்பல் புகை நிகர பூஜ்யம் என்று இலக்கு வைத்தது. கார்பனுக்கு விலை வைக்கும் திட்டத்தை 2025 அக்டோபரில் வாக்கெடுத்து ஒரு வருஷம் தள்ளிப்போட்டார்கள். அதனால் கப்பல் முதலாளிகள் எதில் காசு போடுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். இப்படிக் குழம்பிய நேரத்தில் எல்லா எரிபொருளும் தெரிந்த எஞ்சினியருக்குத்தான் வேலை. கோயிலில் சொன்னவர் பேச்சை விட்டுத்தள்ளுங்கள். பாய்லர்காரர் மகன், நீராவியும் அழுத்தமும் என்னவென்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவன், அனுப்புங்கள்.

மனுப் போடும் முன் ஒரு வேலை: கண் பரிசோதனை. எஞ்சின் பக்கத்துக்கும் நிறம் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கட்டணம் கட்டிய பிறகு நிறக்குருடு என்று திருப்பி அனுப்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆலைக்காரன் | வெள்ளி, இரவு 9.18

நாளைக்கே கூட்டிப்போகிறேன் சீஃப் ஐயா. பந்திங்கில் சனிக்கிழமை மதியம் வரை கண்ணாடிக் கடை திறந்திருக்கும்.

ரெண்டு ஏக்கர் | வெள்ளி, இரவு 9.40

அப்போ என் பழ விலை?

லோரிக்காரன் | வெள்ளி, இரவு 9.42

அதற்குத் தனி இழை போடுங்கள் அண்ணே, நானும் வருகிறேன்.